பர்தாவுக்குள்ளிருந்து ஒலித்த குரல்

மௌலானா முஹம்மது அலீயைப் பற்றி நம் பெரியோர் நிறையப் பேசியுள்ளனர். அன்னாரின் தாயார் பீ அம்மாளையும் நாம் மறந்தோமில்லை. துணைவியார் அம்ஜதீ பேகம் மட்டும் ஏனோ நம் ஏடுகளில் அதிகம் இடம் பெறாது போனார்.

1921 செப்டம்பர் 14. காந்தியடிகளோடு சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த மௌலானாவை வால்டேர் ரயில் நிலையத்தில் கைது செய்தனர். உடன் வந்த பேகம், கணவரைக் கண்டு விடைபெற்றுக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். ஊர் திரும்பியிருந்தாலும் எவரும் குறை கூறியிரார்! கிலாபத் நிதிக்குப் பொருள் திரட்டினார்; பர்தாவைக் களையாமலே கூட்டங்களில் பேசினார். அவ்வாண்டு நவம்பரில் ‘யங் இந்தியா’ ஏட்டில் காந்தியடிகள், வீரப் பெண்மணி என்று தலைப்பிட்டே அவரைப் பற்றி எழுதினார். பர்தா பொதுப்பணிக்குத் தடையென்போரும், அதனையே சாக்காக்கிப் பெண்களை ஒதுக்குவோரும் இதற்கு என்ன விடை சொல்வர்?

கராச்சி வழக்கில் மௌலானாவுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல். 1930-இல் வட்டமேஜை மாநாட்டுக்கென லண்டன் சென்ற கணவருடன், அவரது நோயைத் தாங்கிப் பேகமும் சென்றார். 1931 ஜனவரி 4-இல் மௌலானா அங்கே வபாத்தாகி, பைத்துல் முகத்தஸில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அதன்பின்னும் பேகம் ஒதுங்கினாரில்லை. முஸ்லிம் லீக் செயற்குழுவில் ஒரே பெண்ணாக அமர்ந்தார். 1940-இல் லாகூர் மாநாட்டில் பேசினார். அம்மாநாட்டின் தீர்மானத்தில் நமக்கு மாறுபாடு இருக்கலாம்; அவருடைய துணிவில் இல்லை. 1947-இல், பிரிவினைக்குச் சில மாதங்கள் முன்னரே அவர் மறைந்தார்.