காயின் பார்க்கிங் (ஜப்பான்)

ஜப்பானிய நகரங்களில் ஆளில்லாமல் இயங்கும் மணிக்கணக்குக் கட்டண வாகன நிறுத்தம் காயின் பார்க்கிங் எனப்படுகிறது. நாலைந்து கார் நிற்கக்கூடிய காலிமனையே இதற்குப் போதும். தரையோடு படுத்திருக்கும் இரும்புத் தகடு, கார் நின்ற சில நிமிடங்களில் எழுந்து அடியில் மறித்துக்கொள்ளும். இட எண்ணை அழுத்திப் பணம் கட்டினால்தான் இறங்கும். இப்போது பல இடங்களில் தகட்டின் வேலையை நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா செய்கிறது. இத்துறையின் முன்னணி நிறுவனமான பார்க்24, ‘டைம்ஸ்’ என்ற பெயரில் முதல் நிறுத்தத்தை 1991இல் டோக்கியோவின் உவேனோவில் திறந்தது.

பார்க்கிங் தொழிலில் இறங்குபவர்கள் நிலத்துக்கும் கட்டடத்துக்கும்தான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். வருமானத்தைத் தீர்மானிப்பதோ வெளியே இருக்கும் தெரு. அங்கே சும்மா நிறுத்த முடிந்தால் உள்ளே வந்து காசு கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டம், சாலையைக் கார் கொட்டகையாக்குவதைத் தடுத்தது. கார் வாங்குபவர் தமக்கு நிறுத்த இடம் உண்டு என்று காவல்துறையிடம் சான்று பெற வேண்டும்; அந்த இடம் இன்றைய விதிப்படி இருப்பிடத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 2006 ஜூன் முதல், விதிமீறி நிற்கும் வண்டிகளைக் கண்டறிந்து குறிக்கும் வேலை தனியாரிடமும் ஒப்படைக்கப்பட்டது. கெடுபிடி கூடியதும் தெருவில் நின்ற கார்கள் மனைகளுக்குள் திரும்பின.

டோக்கியோவின் நிலவிலைக்கு எப்படியும் இத்தொழில் ஓடியிருக்கும் என்று வாதிடலாம். ஆனால் காயின் பார்க்கிங் பரவியதே 1990களில், நிலவிலை சரிந்துகொண்டிருந்தபோதுதான். கட்டடம் எழும்பாமல் கிடந்த மனைகளுக்கும் சொத்துவரி கட்டியாக வேண்டும். வீட்டுமனைக்குக் கிடைக்கும் வரிச்சலுகையும் அவற்றுக்கு இல்லை. நடத்துபவர் மனையை வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறார். தார் போடுவது, இயந்திரம் வைப்பது, நட்டத்தைத் தாங்குவது எல்லாம் அவர் பாடு. உரிமையாளருக்கு மாதந்தோறும் வாடகை வந்துவிடும். கட்டட வாடகைதாரரைக் காலி செய்ய வைப்பது அந்நாட்டில் எளிதல்ல. பார்க்கிங் குத்தகைக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்பதால் மனை கைவிட்டுப் போகும் பயமுமில்லை.

அரசின் கெடுபிடியை நம்பிய தொழில், அது தளர்ந்தால் என்னாகும்? நியாயமான கேள்வி. ஆனால் இங்கே புதைந்து கிடக்கும் முதலீடு குறைவு. போணியாகாத மனையை ஒப்பந்தம் முடிந்ததும் ஒப்படைத்துவிட்டு இயந்திரத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். பல மாடி நிறுத்தகம் கட்டியவருக்கு அந்த வசதி இல்லை. இதே மனைகளில் பகிர்வுக் கார்களையும் நிறுத்தி, பார்க்24 இப்போது அவற்றை வாடகைக்கு விடுகிறது.