கோல் அடித்தவன் பெயர்: மட்டக்களப்பின் உதைபந்தாட்டச் செய்தியும் வாசகரின் மனத்தாங்கலும்

உன்னிச்சைக் குளக்கட்டுக்குக் கீழே, அறுவடை முடிந்த திடலொன்றில் அணிக்கு எழுவர் கொண்ட உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டம். கோல் கம்பங்கள் காட்டுத்தடிகள். அவற்றில் கட்டியிருந்தது மட்டக்களப்பு வாவியில் பாவித்துப் பழசான மீன்வலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், இடப்பக்கமிருந்து உயர்ந்து வந்த பந்தை ஒரு பையன் தலையால் முட்டினான். வலை பின்னால் புடைத்தது. அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. நாலு நாள் கழித்துச் செய்தி பத்திரிகையில் வந்தது. தேநீர்க் கடையில் அதை இரண்டு தரம் வாசித்த பெரியவர் ஒருவர் தாளை என்னிடம் நீட்டினார்: “மனே, இதில அடிச்சவன்ட பேர் எங்க?” பிரதம அதிதி, கௌரவ அதிதிகள், அனுசரணையாளர், கழகத் தலைவர், செயலாளர் என்று பதினொரு பெயர்கள் இருந்தன. ஆடியவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

உள்ளூர் உதைபந்தாட்டத்துக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் இடம் தருவதில்லை என்பது வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அடிக்கடி கேட்கும் குறை. அக்குறை நியாயமானது, ஆனால் அது சுட்டும் இடம் தவறு என்பது என் வாதம். பத்திகள் கிடைக்கத்தான் செய்கின்றன, சில நாட்களில் படத்தோடும். அந்தப் பத்திகளில் விழா எழுதப்படுகிறது, ஆட்டம் விடுபட்டுப் போகிறது.

இச்செய்திகளின் வாய்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இன்ன கழகத்தின் இத்தனையாவது ஆண்டு நிறைவை முன்னிட்டு, இன்னாரின் அனுசரணையில், தலைவரின் தலைமையில் சுற்றுப்போட்டி ‘இடம்பெற்றது’. பிரதம அதிதி ‘கலந்து சிறப்பித்தார்’, பின்னர் கிண்ணத்தை ‘வழங்கி வைத்தார்’. வென்ற அணிக்கு எஞ்சுவது ஒரே வினை: கிண்ணத்தைச் ‘சுவீகரித்தது’. சுவீகரித்தல் என்றால் ஏற்றுக்கொள்ளுதல், பிறர் கையிலிருப்பதை வாங்கிக்கொள்ளுதல். ஓடினான், தடுத்தான், உதைத்தான் என்ற சொற்களுக்கு இந்த வாக்கியங்களுக்குள் வழியே இல்லை. செயல் முழுவதும் அதிதிகளுடையது. படமும் இதையே சொல்கிறது: முன்வரிசை நாற்காலிகளில் மாலையோடு பெரியவர்கள், பின்னால் வியர்வை காயாத பையன்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பாடசாலைப் பரிசளிப்புக்கும் பயன்படும் அதே அச்சில்தான் உதைபந்தாட்டமும் வார்க்கப்படுகிறது.

இந்த அச்சு எங்கிருந்து வந்தது? பத்திரிகையின் இருப்பிடம் ஒரு காரணம். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பில் தொடங்கின. யாழ்ப்பாணத்துக்கு 1959இல் ஈழநாடும் 1985இல் உதயனும் கிடைத்தன. மட்டக்களப்புக்கு அப்படி நீடித்து நின்ற சொந்த நாளிதழ் அமையவில்லை. அச்சுக்கூடம் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தால் செய்தியின் குணமே மாறும். ஆசிரியரும் அந்த ஊர் ஆட்டத்தைப் பார்த்தவராக இருப்பார், தவறு விட்டால் மறுநாள் சந்தியில் வைத்துக் கேட்பார்கள். கொழும்பில் பக்கம் கட்டுகிறவருக்கு உன்னிச்சை வரைபடத்தில் ஒரு குளம்.

பிராந்திய நிருபரின் நிலை அடுத்தது. அவர் விளையாட்டு நிருபர் அல்லர். நீதிமன்றம், வெள்ளம், யானை வேலி, அரசியல் கூட்டம் எல்லாம் அவர் தலையில். வெளியாகும் செய்திக்கு இவ்வளவு என்று கைக்கு வரும் சிறு தொகையில் வலையிறவுப் பாலம் கடந்து ஆயித்தியமலைப் பக்கம் வந்து போகப் பெற்றோல் செலவும் தேறாது. போர்க்காலத்தின் கனமும் அந்தத் தொழிலின் மேல் கிடக்கிறது. வீரகேசரிக்கு எழுதிய ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு வாக்கியத்துக்கு உயிரை விலையாகக் கேட்ட ஊரில், யாரையும் நோகாத விழாச் செய்தி பழக்கமானதில் வியப்பில்லை. இந்த நிருபர்களைக் குறை கூற எனக்கு மனம் வராது.

தொழில்முறை ஆட்டத்துக்கு வரும்போது குறை இன்னும் ஆழமாகிறது. 2021இல் இலங்கையின் சுப்பர் லீக் பத்துக் கழகங்களோடு தொடங்கியது. புளூ ஸ்டார் சம்பியனானது. முப்படைகளின் அணிகள், கொழும்பு, களுத்துறை, பேருவளை, வென்னப்புவை, நாவலப்பிட்டி என்று அணிகள் இருந்தன. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒன்றும் இல்லை. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் இந்த ஆட்டத்துக்கு உள்ள வேரை அறிந்தவர்களுக்கு இது சிறிய விடயமாகப் படாது. மேல்மட்ட லீக்கில் நமக்கு ஏன் ஓர் அணி இருக்கவில்லை? மைதானமா, பணமா, தெரிவாளர் வராததா? இதைத் தொடர்ந்து கேட்டு எழுதியிருக்க வேண்டியது தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம். 2023 ஜனவரி 21 அன்று பீஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தி ஓகஸ்டில் தடையை நீக்கியபோதும், அது கொழும்பில் நிருவாகிகள் மோதிக்கொண்ட கதையாகவே வாசகரிடம் வந்து சேர்ந்தது. அந்த ஏழு மாதங்கள் ஏறாவூரின் ஒரு பின்கள வீரனுக்கு என்னவாக இருந்தன என்று யாராவது போய்க் கேட்டிருக்கலாம். விளையாட்டுப் பக்கத்தை ஐரோப்பிய லீக் செய்திகள் நிரப்பின. மெஸ்ஸி எந்த நிமிடத்தில் கோல் போட்டார் என்பது உன்னிச்சைப் பையனுக்குத் தெரியும். அவன் போட்டது எந்த நிமிடத்தில் என்பது எங்கும் அச்சாகவில்லை.

பெயர் அச்சாவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்ஜென்டீனாவில் 1919இல் தொடங்கிய எல் கிராஃபிக்கோ இதழ், வீரர்களையும் அவர்கள் ஆடும் விதத்தையும் வாரந்தோறும் எழுதி எழுதியே ‘இது எங்கள் ஆட்டம்’ என்ற உணர்வை வளர்த்ததை மானிடவியலாளர் எடுவார்டோ ஆர்ச்செத்தி விரிவாகக் காட்டியிருக்கிறார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1907 முதல் ‘கிரீன் அன்’ என்ற சனிக்கிழமை மாலைப் பதிப்பு, ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்துக்குள் விபரங்களோடு தெருவுக்கு வந்தது. இவை பணக்கார ஊர்களின் கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அடித்தவர், நிமிடம், கோல்காப்பாளர் ஆகிய மூன்றையும் சேர்க்க இரண்டு வரி போதும். கௌரவ அதிதிகளில் இருவரைக் குறைத்தாலே அந்த இடம் கிடைத்துவிடும். தெரிவாளர் வராத ஊரில் அந்த இரண்டு வரிதான் பையன் கையிலுள்ள ஒரே சான்றிதழ். நாளை நூலகம் எண்ணிம ஆவணக்காப்பகத்தில் பழைய பத்திரிகைகளைத் திறந்து மட்டக்களப்பின் உதைபந்தாட்ட வரலாற்றை எழுத முனைபவருக்கும் அந்த வரிகளே ஆதாரம். இப்போதைய நிலையில் அவரால் பிரதம அதிதிகளின் வரலாற்றைத்தான் எழுத முடியும்.

இந்தக் குறைக்கு இன்னொரு பங்காளியும் இருக்கிறார், அதைச் சொல்லாமல் விட்டால் வாதம் நேர்மையாகாது. பெரும்பாலான செய்திகளின் மூலப்பிரதியைக் கழகச் செயலாளரே எழுதிக் கொடுக்கிறார். உன்னிச்சை ஆட்டத்தை நடத்திய கழகத்தின் செயலாளரைத் தேடிப் போனேன். அவர் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து விரித்தார். இரு அணிகளின் ஏழேழு பெயர்கள், மத்தியஸ்தர் பெயர், கோல் விழுந்த நிமிடம், அடித்தவன், பந்தைக் கொடுத்தவன், எல்லாம் நீல மையில் கோடு போட்டு வரிசையாக இருந்தன. பத்திரிகைக்குக் கொடுத்த தாளின் பிரதியையும் காட்டினார். அதில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரியும் இல்லை.

“இதை ஏன் எழுதிக் குடுக்கல்ல?”

“அதெல்லாம் போடமாட்டாங்கள் சேர்.”

“ஒருக்காலாவது குடுத்துப் பார்த்தீங்களா?”

அவர் கொப்பியை மூடாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்ல” என்றார்.