தெருவில் நடக்கும் உரிமை: 1924 முதல் இன்றுவரை

மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறும் முன்பே வேலைக்கு இறங்கிவிடுவார்கள். அதே வெயிலில்தான் அவர்கள் கடைத்தெருவுக்கும் நடந்து வரவேண்டும். வெப்ப ஊர்களின் கடைத்தெருக்கள் நடப்பதற்கு ஏற்றவையா என்று இப்போது நகரத் திட்டமிடுவோர் மதிப்பெண் போடுகிறார்கள். நடைபாதையின் அகலம், நிழல், சாலையைக் கடக்கும் வசதி ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸ். தேவையான வேலைதான். ஆனால் நம் வரலாறு அதற்கும் முந்தைய ஒரு கேள்வியைக் கேட்கிறது: அந்தத் தெருவில் நடக்க யாரை விட்டார்கள்?

மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னை மாகாண சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதையும் எந்தச் சாதியினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையானது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. நம் மக்களுக்குத் தெருவில் நடப்பதே ஒரு அரசியல் கோரிக்கையாக இருந்தது.

ஆணை வந்ததும் தெரு திறந்துவிடவில்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடக்கும் கட்டாயம் பல ஊர்களில் நீடித்தது. சித்திரை வெயிலில் கொதிக்கும் மண்ணில் வெறுங்காலோடு நடக்க வைப்பது அவமானம் மட்டுமல்ல, உடல் மீதான வன்முறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பதைக் குற்றம் என்று பெயர் சொல்லியே சேர்த்தது. 91 ஆண்டுகள் கழித்தும் அப்படி எழுதவேண்டிய நிலை இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

சாலை அகலமானால் போதும் என்றும் நினைக்கவேண்டாம். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித்தான்.

தோழர்களே, உங்கள் ஊர்க் கடைத்தெருவை அளக்கப் போகிறீர்களா? அளவுநாடாவும் வெப்பமானியும் எடுத்துச் செல்லுங்கள். படிவத்தில் மூன்று கேள்விகளையும் சேருங்கள். காலனியிலிருந்து கடைத்தெருவுக்கு வரும் வழியில் நிழல் இருக்கிறதா? எந்தத் தெருவை நம் மக்கள் இன்றும் சுற்றிப் போகிறார்கள்? இருட்டிய பிறகு நம் பெண்கள் அங்கே தனியாக நடக்கிறார்களா? பதிலை நடப்பவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.