மடக்கையில் மறைந்த வழு

யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் தமிழுருப் பெற்ற வரலாறு மானிப்பாயோடு பிணைந்தது. 1847இல் வந்து அங்குப் பணிபுரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவர் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இல் வெளிவந்தது. அந்நூலிற் பீ. எச். என்னும் அளவைக்கு இடமில்லை. கோப்பன்கேகனின் காள்சுபேக் ஆய்வுகூடத்திற் சோரன்சன் அதனை வகுத்தது 1909இலேயாம்.

பத்தின் எதிரடுக்குகளாக எழுதப்படும் ஐதரசன் அயன் செறிவை மடக்கையால் எளிய எண்ணாக்கியமை அவர்தம் சாதனை. ஆயின் அவ்வெளிமை வழுவையும் மறைக்கவல்லது. குடாநாட்டின் சுண்ணக்கற் படையிலூறும் கிணற்றுநீரொன்றின் பீ. எச். 7.5 எனவும், அளவீட்டு வழு 0.1 எனவும் கொள்வோம். அயன் செறிவு இலீற்றருக்கு ஏறத்தாழ 3.2 × 10⁻⁸ மூல். இச்செறிவை 2.303ஆலும் 0.1ஆலும் பெருக்கின், செறிவின் வழு ஏறத்தாழ 0.7 × 10⁻⁸ மூல் ஆகும். வாசிப்பில் 1.3 சதவீதமாகத் தோன்றிய ஐயம் செறிவில் 23 சதவீதமாக விரிகின்றது.

கலைச்சொல்லாக்கத்தோடு தமிழ்வழி அறிவியல் நிறைவுறாது. ஓர் எண்ணை எத்துணை நம்பலாம் என்பதையும் அது கூறல் வேண்டும். வற்றாத ஆறுகளற்று, பெரிதும் நிலத்தடி நீரை நம்பி வாழும் குடாநாட்டினர்க்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று.