சோப்பிலும் பற்று வரவு உண்டு

நம் குடியிருப்பில் இப்போது சில வீடுகளில் சோப்பு செய்கிறார்கள். "காஸ்டிக் சோடா இல்லாமல், கெமிக்கலே இல்லாத சோப்பு செய்ய என்ன எண்ணெய் வாங்கலாம் சார்?" என்று லிஃப்டில் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எண்ணெயும் காரமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து மாறுவதுதான் சோப்பு. காரம் சாம்பலிலிருந்து வரலாம், ஆலையிலிருந்து வரலாம். ஆனால் காரம் இல்லாமல் சோப்பு இல்லை. கடையில் சோப்புக் கட்டி வாங்கி, உருக்கி அச்சில் ஊற்றுகிறீர்களா? அதில் காரம் சேர்க்கும் வேலையை வேறு யாரோ முன்பே முடித்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தில் கிடைத்ததை வைத்துத்தான் சோப்பு காய்ச்சினார்கள். பிரான்சின் மார்சேய் நகரத்தில் ஆலிவ் எண்ணெய் தாராளம். உப்பு நிலத்துச் செடிகளை எரித்த சாம்பலில் சோடா கிடைத்தது. நம் ஊரில் துணி வெளுக்க உதவிய உவர்மண்ணில் இருப்பதும் அதே சோடாதான். 1688ல் 14ஆம் லூயி மன்னர் ஒரு ஆணை போட்டார்: மார்சேய் சோப்பில் ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேர்க்கக் கூடாது, மீறினால் சரக்கு பறிமுதல். என்ன எண்ணெய் என்பதற்குச் சட்டம் வந்துவிட்டது. எவ்வளவு காரம் என்பது மட்டும் காய்ச்சுபவரின் கைப்பழக்கமாகவே இருந்தது.

அமெரிக்காவில் குடியேறியவர்களின் வீடுகளில் மாட்டுக் கொழுப்பும் விறகுச் சாம்பலும்தான் சரக்கு. சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து, அதில் ஒரு முட்டையை மிதக்க விடுவார்கள். முட்டை ஒரு காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் காரம் சரி என்று கணக்கு. விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாஷ் என்பதால் சோப்பு கூழாகத்தான் வரும்.

1791ல் நிக்கோலா லெப்லாங் என்ற பிரெஞ்சு மருத்துவர் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். புரட்சிக் காலத்தில் அவருடைய ஆலை பறிபோனது. 1806ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். ஆனால் அவர் முறை பரவி, சோடா மலிவானது. 1823ல் செவ்ரோல் என்ற விஞ்ஞானி, கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று விளக்கி நூல் வெளியிட்டார். அப்போதுதான் சோப்புக்குள் நடப்பது என்னவென்று புரிந்தது. 1879ல் கோட்ஸ்டார்ஃபர் என்பவர் வெண்ணெயில் கலப்படம் கண்டுபிடிக்க, ஒரு கிராம் கொழுப்பு எவ்வளவு காரத்தை ஏற்கும் என்று அளந்தார். சோப்பு செய்பவர்களுக்கும் அந்த அளவுதான் இன்று ஆதாரம்.

இப்போது நம் சமையலறைக்கு வருவோம். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 18 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே அளவு நல்லெண்ணெய்க்கோ ஆலிவ் எண்ணெய்க்கோ சுமார் 13½ கிராம் போதும். தேங்காய் எண்ணெயில் நுரை அதிகம், கட்டி கெட்டியாக வரும், தோலை வறட்டும். ஆலிவ் எண்ணெய் மென்மை, நுரை குறைவு.

காலமெல்லாம் வங்கியில் கணக்கு நேர் செய்த நானே இதில் தவறினேன். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 87 கிராம் சோடா போட்டுச் செய்த சோப்பு நன்றாக வந்தது. அடுத்த முறை எண்ணெயை மட்டும் நல்லெண்ணெயாக மாற்றினேன், சோடாவை மாற்றவில்லை. சுமார் 20 கிராம் காரம் சேர எண்ணெய் இல்லாமல் மிஞ்சிவிட்டது. முதலில் தேய்த்துக் குளித்த எனக்குக் கையெல்லாம் எரிந்தது. பேரக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் தெரிந்ததே, அது போதும்.

ஆகவே எண்ணெயை உங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுங்கள். ஆனால் எண்ணெய் மாறினால் சோடாவின் அளவையும் மாற்றுங்கள். டிஜிட்டல் தராசில் நிறுத்து, கணக்குப்படி வருவதில் 5 சதவீதம் சோடாவைக் குறைத்தே போடுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். நாலு முதல் ஆறு வாரம் காய வைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

முட்டையை மிதக்க விட்டவர்களிடம் தராசு கணக்கு இல்லை. நம்மிடம் இருக்கிறது.