உலக்கைப் பாட்டும் சேர்ந்திசையும்

இறைப்பாடல் ஒருவர் நெஞ்சில் பிறப்பினும் பலர் நாவில் வாழ்வது. விவிலியச் சங்கீதங்கள் சிலவற்றை லியோனார்டு பெர்ன்ஸ்டைன் 1965-இல் எபிரேய மூலத்திலேயே சேர்ந்திசையாக்கினார். தமிழில் அதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது, இளையராஜா 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு வெளியிட்ட திருவாசகம்.

மணிவாசகர்க்கு மேலைக் கூட்டுக்குரல் பொருந்துமோ என ஐயுறுவோர் உண்டு. அவ்விசையில் இடம்பெறும் திருப்பொற்சுண்ணத்தை அவர்கள் நோக்குவாராக. மகளிர் கூடி உலக்கையோச்சிச் சுண்ணம் இடிக்கையில் பாடும் பாங்கில் அமைந்தது அது. சிலப்பதிகார வாழ்த்துக்காதையின் வள்ளைப்பாட்டும் அவ்வழியினதே. எனவே கூட்டுக்குரல் அப்பாடலுக்கு அயலன்று, தாய்வீடேயாகும்.

கோவில்பட்டிக் கரிசலிலும் கம்பு இடித்த பெண்கள் பாடினர். அரவை ஆலை வந்தது, உரல் ஓய்ந்தது, பாட்டும் ஒடுங்கிற்று. இடைசெவல் கி. ராஜநாராயணன் இம்மண்ணின் வழக்குச் சொற்களை 1982-இல் அகராதியாக்கித் தந்தார். சொல் ஏட்டில் நிற்கும். மெட்டோ பாடுவோர் மூச்சில் நிற்பது.

பத்தாண்டு கண்ட நம் வட்டம், உலக்கை பிடித்த மூதாட்டியர் நம்மிடையே இருக்கும்போதே அவர்தம் பாடல்களைக் குரலோடு பதிவு செய்தல் வேண்டும். நாளை இசைவல்லார் ஒருவர் வந்து கேட்குங்கால், நாம் காட்டுவதற்கு வெற்றுரல் மட்டும் எஞ்சிவிடலாகாது.