பணியிடத்தில் பெண்களின் சிறுநீர் அடக்கவியலாமை: தொழிலாளர் சட்டங்களில் இடமும் நேரமும்

முன்னுரை

விருப்பமின்றிச் சிறுநீர் கசிவதைச் சிறுநீர் அடக்கவியலாமை என்பர். இருமும்போதும் சுமை தூக்கும்போதும் கசிவது ஒரு வகை. திடீரென உந்துதல் எழுந்து, கழிப்பறையை அடையுமுன் கசிவது மற்றொரு வகை. பின்னதில், கழிப்பறைக்குச் செல்வதில் ஏற்படும் தாமதமே கசிவுக்குக் காரணமாகலாம். எனவே இச்சிக்கலில், வேலைநேரத்தின் மீது யாருக்கு அதிகாரம் என்னும் வினாவும் அடங்கியுள்ளது. தொழிலாளர் சட்டங்கள் இவ்வினாவை எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

1948: இரு தீர்வுகள்

மகப்பேற்றால் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்னும் கட்டுரையை அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இந்தியாவில் தொழிற்சாலைகள் சட்டம் இயற்றப்பட்டது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறைகள் வேண்டும் என்றும், தொழிலாளர் ஆலையில் உள்ள நேரமெல்லாம் அவை அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்றும் அதன் 19ஆம் பிரிவு விதித்தது. ஆயினும் 55ஆம் பிரிவின்படி, இடைவேளையின்றி 5 மணி நேரம் வரை வேலை வாங்க முடிந்தது. அந்நேரத்துள் இயந்திரத்தை விட்டு அகலும் உரிமை வெளிப்படையாகக் கூறப்படவில்லை. மருத்துவம் பெண்ணின் தசையிலும் சட்டம் ஆலையின் கட்டடத்திலும் தீர்வு தேடின. வேலைநேரம் இரண்டிலும் விடுபட்டது.

1998: அமெரிக்க விளக்கம்

பணிநேரத்தில் சிறுநீர் கழிக்கும் உரிமை குறித்துச் சட்ட அறிஞர் மார்க் லிண்டரும் மருத்துவர் இங்க்ரிட் நைகார்டும் இணைந்து எழுதிய நூல் 1998இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 6 அன்று, அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் தன் சுகாதார விதிக்கு விளக்கம் அளித்தது. கழிப்பறை அமைத்தல் மட்டும் போதாது; தேவைப்படும்போது தொழிலாளர் அங்குச் செல்ல அனுமதித்தலும் முதலாளியின் கடமை என்பது அவ்விளக்கம்.

கோழிக்கோடு முதல் தமிழ்நாடு வரை

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகள் பலவற்றில் பெண் பணியாளர்களுக்குக் கழிப்பறையே இருக்கவில்லை. அதனால் அவர்கள் நீர் அருந்துவதைத் தவிர்த்தனர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பி. விஜியின் முன்முயற்சியால் உருவான பெண்கூட்டு என்னும் அமைப்பு முதலில் கழிப்பறையைக் கோரியது. பின்னரே அமரும் உரிமைக்குப் போராடியது. கடைகள் சட்டத்தைத் திருத்திக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் இருக்கையைக் கட்டாயமாக்கின. எனினும், வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போது அமர்வதற்கே அவ்விருக்கை. அவ்வாய்ப்பைத் தீர்மானிப்பவர் யார் என்பது இங்கும் தெளிவாக்கப்படவில்லை.

முடிவுரை

கசிவுக்கு அஞ்சி நீரைக் குறைப்பவரும், கழிப்பறை இன்மையால் நீரைக் குறைப்பவரும் மருத்துவ வகைப்பாட்டில் வேறானவர்கள். பணியிடத்தில் இருவரும் கைக்கொள்ளும் வழி ஒன்றே. இருவரின் துன்பமும் பதிவேடுகளில் இடம்பெறுவதில்லை. ஆகவே தொழிலாளர் வரலாற்றாய்வு கழிப்பறைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், வேலையிடையே எழுந்து செல்லும் அனுமதி யாரிடம் இருந்தது, எவ்வாறு வழங்கப்பட்டது அல்லது மறுக்கப்பட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.